அருவிக்கு யார் சொந்தக்காரர்?

குளிர்காலத்தில் ஒஸ்லோவில் நாலு தமிழர் கூடினால் மின்கட்டணப் பேச்சு வராமல் போகாது. "மழை இந்த நாட்டில் பெய்கிறது, அணை இந்த நாட்டில் நிற்கிறது. பிறகேன் இந்த விலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடை நூறு ஆண்டுகளுக்கு மேலாக இயற்றப்பட்ட சில சட்டங்களுக்குள் கிடக்கிறது. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், இதற்குள் நல்ல கதைகள் உண்டு.

1905 யூன் 7 ஆம் திகதி நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனிநாடானது. கொடி கிடைத்தது, ஆனால் பெட்டியில் பணம் இல்லை. இருந்த பெரிய சொத்து மலையிலிருந்து விழுகிற தண்ணீர். அதையும் வெளிநாட்டு முதலாளிகள் கமக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் சுவீடிஷ், பிரெஞ்சு முதலீட்டுடன் நோர்ஸ்க் ஹீட்ரோ நிறுவனம் பிறந்தது. அது றியூக்கான் பள்ளத்தாக்கில் கட்டி 1911 இல் இயங்கத் தொடங்கிய வேமோர்க் நிலையம் அக்காலத்தில் உலகிலேயே பெரிய நீர்மின் நிலையம். 1906 அளவில், மின்சாரம் எடுக்கப்பட்ட அருவிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி பிறநாட்டார் கைக்குப் போயிருந்தன.

பயந்துபோன பாராளுமன்றம் 1906 ஏப்ரலில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. இன்றுவரை அதற்குப் 'பீதிச் சட்டம்' என்றே பெயர். பிறநாட்டாரும் கம்பனிகளும் அரசின் அனுமதி இல்லாமல் அருவி வாங்க முடியாது என்று அது சொன்னது. 1909 இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அனுமதி 60 முதல் 80 ஆண்டுகளுக்குத்தான். காலம் முடிந்ததும் அருவி, அணை, சுரங்கம், இயந்திரம் எல்லாம் ஒரு சதமும் வாங்காமல் அரசுக்குச் சேரவேண்டும். இந்த ஏற்பாட்டை நோர்வேஜிய மொழியில் 'யெம்ஃபால்' என்பார்கள். 'யெம்' என்றால் வீடு என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். வெளியே போன சொத்து வீடு வந்து சேர்வது என்று பொருள் கொள்ளலாம்.

இதற்கு முன்னின்றவர்கள் நீதி அமைச்சர் யோஹான் காஸ்ட்பெர்க், பிரதமர் குன்னார் க்னுட்சன் ஆகிய இருவர். க்னுட்சன் தானே கப்பல் முதலாளி, பொறியியலாளர். முதலாளி ஒருவரே முதலாளிகளுக்குக் கடிவாளம் போட்டார் என்பதை நான் இந்தக் கதையின் அழகான இடமாகக் கருதுகிறேன். "இது கொள்ளை" என்று எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1918 இல் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

எண்ணெய் வந்தபோது இந்தப் பழைய அச்சு கையில் தயாராக இருந்தது. 1962 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிலிப்ஸ் கம்பனி, மாதம் 160,000 டொலர் தருகிறோம், உங்கள் கடற்படுகை முழுவதையும் தேடும் உரிமையை எங்களுக்கு மட்டும் தாருங்கள் என்று கேட்டது. வேடிக்கை என்னவென்றால், நாலு ஆண்டுகளுக்கு முன்னர்தான் நோர்வேயின் புவியியல் ஆய்வு நிறுவனம், இந்தக் கரையோரக் கடலில் எண்ணெய் கிடைக்க வாய்ப்பில்லை என்று வெளிநாட்டமைச்சுக்கு எழுதியிருந்தது. இல்லாத பொருளுக்கு யாரோ காசு தருகிறான், வாங்கிப் போடுவோம் என்று அதிகாரிகள் நினைக்கவில்லை. 1963 மே 31 இல் கடற்படுகை அரசுக்கே சொந்தம் என்று பிரகடனம் செய்தார்கள். பிறகு பிரித்தானியாவுடனும் டென்மார்க்குடனும் எல்லை வகுத்து, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1965 இல் பல கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். 1969 இன் இறுதியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்வயல் கண்டறியப்பட்டது.

இங்கே ஒரு குடியேறியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபாரூக் அல்-காசிம், ஈராக்கின் பஸ்ரா நகரத்தவர், எண்ணெய்ப் புவியியலாளர். மனைவி நோர்வேக்காரி. பெருமூளை வாதம் உள்ள மகனின் மருத்துவத்துக்காக 1968 மே மாதம் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒஸ்லோ வந்திறங்கினார். மனைவியின் ஊரான ஒண்டால்ஸ்னெஸ் போகும் தொடருந்து மாலையில்தான். இடைப்பட்ட நேரத்தைப் போக்க, கைத்தொழில் அமைச்சுக்குப் போய், இங்கே எந்த எண்ணெய்க் கம்பனிகள் வேலை செய்கின்றன என்று கேட்டார். அவர் கேட்டது பட்டியலைத்தான். கடைசியில், வடகடல் கிணறுகளின் அறிக்கைகளை ஆராயும் வேலை அந்த அமைச்சிலேயே கிடைத்தது!

அரசின் எண்ணெய் நிர்வாகத்தை எப்படி அமைப்பது என்ற திட்டத்தை ஒரு நோர்வேஜிய சக அதிகாரியுடன் சேர்ந்து எழுதியவரும் இவர்தான். கொள்கை வகுக்க அமைச்சு, வியாபாரம் செய்ய அரசுக் கம்பனி, கண்காணிக்கத் தனி இயக்குநரகம் என்று மூன்றும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1972 யூனில் பாராளுமன்றம் ஸ்டாட்ஒயில் கம்பனியையும் எண்ணெய் இயக்குநரகத்தையும் உருவாக்கியது. எண்ணெய் கிடைத்தும் ஏழையாகவே இருந்த நாடுகளில், வியாபாரியும் காவலாளியும் ஒருவராகவே இருந்ததைக் காணலாம்.

1990 யூன் என்றால் எங்களில் பலருக்கு நினைவு வருவது ஊரில் மீண்டும் மூண்ட போர். அதோடு யாழ்ப்பாணத்துக்கு 'லக்சபானா கரண்ட்' நின்றுபோய், ஒரு தலைமுறையே குப்பி விளக்கில் படித்தது. அதே மாதத்தில் ஒஸ்லோவில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று எண்ணெய் நிதியச் சட்டம். 1996 இல் சுமார் 200 கோடி குறோணர் முதல் வைப்பாக இடப்பட்ட அந்த நிதியம், 2024 இறுதியில் ஏறத்தாழ 20 இலட்சம் கோடி குறோணராக வளர்ந்திருந்தது. 2001 இன் விதிப்படி நிதியத்திலிருந்து ஆண்டுக்கு 4 வீதமளவே செலவிடலாம். 2017 இல் அது 3 வீதமாகக் குறைக்கப்பட்டது.

மற்றது எரிசக்திச் சட்டம், 1991 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உள்ளூர் மின்சபை வைத்ததே விலை. இதன்பின் மின்சாரம் சந்தைப் பொருளானது. யாரிடமிருந்தும் வாங்கலாம், விலையைச் சந்தை தீர்மானிக்கும். ஆக ஒரே மாதத்தில் எண்ணெய்ப் பணத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், மின்சாரத்தின் விலைக்குப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். அன்று இது பெரிதாக உறைக்கவில்லை. நீர் நிறைய இருந்தது, விலையும் மலிவு. 2021 இல் ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் புதிய கடலடி மின்வடங்கள் இயங்கத் தொடங்கின. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது, தென்நோர்வேயின் நீர்த்தேக்கங்களும் வற்றின. அப்போதுதான் ஒஸ்லோவாசிகளுக்குச் சுட்டது.

ஆகவே முதற்கேள்விக்கு விடை இதுதான்: சொந்தம் ஒரு சட்டத்தில், விலை இன்னொரு சட்டத்தில். சொந்தம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. யெம்ஃபால் விதி தனியாருக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று 2007 இல் எஃப்டா நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெரிய நீர்மின் நிலையங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு அரசு, நகரசபைகளிடமே இருக்கவேண்டும் என்று 2008 இல் சட்டத்தை மாற்றினார்கள். நாட்டின் நீர்மின் ஆற்றலில் சுமார் 90 வீதம் பொதுவுடைமை. விலை ஏறும்போது வரும் இலாபத்தில் பெரும்பகுதி பொதுப் பெட்டிக்கே போகிறது. ஒஸ்லோ நகரசபையும் தன் மின் நிறுவனமான ஹாவ்ஸ்லுண்டிலிருந்து பங்குலாபம் பெறுகிறது. ஆனால் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வருகிறது, இலாபம் பாடசாலையாகவோ முதியோர் இல்லமாகவோ வருகிறது. மாதக் கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருக்கும் இலகுவல்ல.

அதனால்தான் 2021 டிசெம்பரில் மின்கட்டண உதவித்தொகை வந்தது. 2025 ஒக்டோபரில் அதற்கு மாற்றாக, விரும்பியவர்கள் தெரிவுசெய்யக்கூடிய 'நோர்வே விலை' வந்தது: ஒரு கிலோவாட் மணிக்கு 40 ஓரே, பெறுமதி சேர் வரியுடன் 50. சந்தை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு பொறுப்பேற்கிறது. வலையமைப்புக் கட்டணம் இதில் சேராது என்பதையும் கவனிக்கவும்.