மாடி ஒழுகல்: கருப்பட்டித் தண்ணீர் முதல் வாளிப் பூச்சு வரை

 

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. ஆச்சி வீட்டுத் தட்டட்டி ஒழுகுகிறது, வாளியில் வருகிற ரப்பர் மாதிரியான பூச்சை வாங்கி அடித்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டிருந்தார். இளவட்டங்கள் எல்லாம் "அடிச்சிரலாம்" என்றார்கள். பெரியம்மை மட்டும் "சுண்ணாம்பு மேல கண்டதையும் பூசாதீங்க" என்று குரல் பதிவு போட்டார்கள். நான் அங்கே வாய் திறக்கவில்லை. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாசியுங்கள்.

திரவமாகத் தடவுவது, அது இறுகித் தோல்போல ஆகித் தண்ணீரைத் தடுப்பது, இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. ஐந்தாம் வகுப்பில் மொகஞ்சதாரோவின் பெருங்குளம் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே, நினைவிருக்கிறதா? 1925-26-ல் தோண்டி எடுத்த குளம். ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கலை ஜிப்சம் சாந்து வைத்து நெருக்கமாகக் கட்டி, அந்தச் சுவருக்குப் பின்னால் நிலக்கீலை ஒரு படலமாகப் பூசியிருந்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வேலை. மெசபடோமியாவில் நிலக்கீல் பூமியிலிருந்து தானாகவே ஊறி வரும் என்பதால், அவர்கள் படகுக்கும் பூசினார்கள், ஊர் என்ற நகரத்தின் கோபுரக் கோயிலுக்குச் செங்கல் ஒட்டவும் பயன்படுத்தினார்கள்.

நம்மூரில் நிலக்கீல் ஊற்று கிடையாது. நமக்கு இருந்தது சுண்ணாம்பு.

சுண்ணாம்பை மட்டும் பூசினால் தண்ணீருக்கு அது நெடுநாள் தாங்காது. சுட்ட செங்கலைப் பொடித்து அதோடு சேர்த்தால் தாங்கும். சுட்ட மண்ணில் இருக்கிற சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலேயே இறுகும். இந்தச் செங்கல் பொடிதான் சுர்க்கி. ரோமானியர்களும் ஓட்டுத் தூளைச் சுண்ணாம்பில் கலந்து தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பூசினார்கள். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியதுதான்.

ஆச்சி வீட்டு மாடி எப்படிப் போட்டது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. பொறியாளர்கள் அதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை நிறுத்திவைத்து, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டு கிடையாது! ஒட்டிய வரிசை அடுத்த வரிசையைத் தாங்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை மூன்று அங்குலம் போல. அதற்கும் மேல் தட்டோடு.

அந்த மூன்று அங்குலத்தில்தான் சூட்சுமம். நான் நாலாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைக்கு அடக்கமான மரக்கட்டையால் அந்தக் கலவையை நாள் கணக்காக அடித்தார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கட்டைகள் எல்லாம் ஒன்றாக விழும். நடுநடுவே கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பார்கள். எங்களுக்கு அந்தக் கருப்பட்டிப் பானைமேல்தான் கண். அடிக்க அடிக்க உள்ளே இருக்கிற காற்று வெளியேறும், கலவை இறுகும், நீர் புக வழி அடைபடும். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதை வேதியியல் படித்தவர்கள் இன்று சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் வேதியியல் படித்ததில்லை. அவர்கள் கைவேலைதான் அந்த வீட்டை அத்தனை மழையிலும் காப்பாற்றியது. கட்டிய கொத்தனார் பெயராவது சில வீடுகளில் பேச்சில் நிற்கிறது. அடித்த பெண்களில் ஒருவர் பெயரும் எந்த வீட்டிலும் இல்லை. எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு.

பிறகு சிமென்ட் வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் காப்புரிமை வாங்கியது. இந்தியாவில் அதைத் தயாரிக்க முதல் முயற்சி நடந்ததே 1904-ல் சென்னையில்தான். நம் தாழையூத்தில் ஆலை ஓடத் தொடங்கியது 1949-ல். கம்பி கட்டிய கான்கிரீட் மாடிகள் ஊருக்கு ஊர் வந்தன. ஆனாலும் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் பழக்கத்தை விடவில்லை. கான்கிரீட்டுக்கு மேலும் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, வாட்டம் பார்த்து, தட்டோடு பதித்தார்கள். நல்ல பழக்கம். பின்னால் சுண்ணாம்புக் காளவாய்கள் அணைந்தன, அடிக்க ஆள் இல்லை, கூலி ஏறியது. சுண்ணாம்பு இருந்த இடத்துக்குச் சிமென்ட் வந்தது. வெடிப்பும் கூடவே வந்தது.

கான்கிரீட் ஏன் ஒழுகுகிறது? உடம்பு முழுக்க ஓட்டை என்பதால் அல்ல. வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால். பத்து மீட்டர் நீளக் கான்கிரீட், 30 டிகிரி சூடு ஏறினால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். தினமும் இப்படி நீண்டு சுருங்கினால் எங்காவது கீறல் விடும். பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் மாடியோடு சேரும் மூலையில், அல்லது மழைநீர்க் குழாய் இறங்கும் வாயில். அந்த இடத்துக்குக் கல் போன்ற பூச்சு உதவாது. கூடவே நீண்டு சுருங்குகிற தோல் வேண்டும்.

அந்தத் தோலைத் தந்தவர்கள் ஜெர்மானிய வேதியியலாளர்கள். ஓட்டோ ரோம் 1901-ல் அக்ரிலிக் அமிலம் பற்றித் தன் ஆய்வேட்டை முடித்தார். தண்ணீரில் கலந்த அக்ரிலிக் பூச்சுகளுக்கு மூலம் அதுதான். ஓட்டோ பேயர் 1937-ல் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். நம் மாடிகளுக்கு இன்று வருகிற வாளிகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்; இல்லையென்றால் பொடியும் பாலும் தனித்தனியாக வந்து கலக்குகிற பாலிமர் சிமென்ட்.

நல்ல பொருள்தான். ஆனால் முக்கால் பங்கு வேலை வாளியைத் திறப்பதற்கு முன்பே இருக்கிறது. பாசி, பழைய சுண்ணாம்பு வெள்ளை, உதிரும் சிமென்ட் எல்லாம் சுரண்டிக் கழுவ வேண்டும். கழுவிய பின் நன்றாகக் காய வேண்டும். ஒரு முழ அகல பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு இரவு விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் மாடி இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் பூசினால் வெயில் ஏறும்போது ஆவி மேலே தள்ளி, அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பும். சுவர் மூலையில் சாந்து வைத்துச் சாய்வாக உருட்டிவிட வேண்டும். கீறலிலும் மூலையிலும் இழை வலை வைக்க வேண்டும். பிறகு முதல் பூச்சு, அது காய்ந்ததும் குறுக்குவாட்டில் இரண்டாவது. நன்கு இறுகிய பின் குழாய் வாயை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு லிட்டர் வேண்டும். வாளிக்குள் இருப்பதில் பாதி காய்ந்து போகிற நீர் என்றால், காய்ந்த பின் ஒரு மில்லிமீட்டர் நிற்க இரண்டு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக 186 லிட்டர். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு 20 லிட்டர் வாளியோடு வேலையை முடித்துவிட்டுப் பத்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால், மாடியில் நிற்பது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அது வெறும் பெயிண்ட். என் தோழி ஒருத்தி ஓய்வூதியப் பணத்தில் இப்படித்தான் பூசினாள். இரண்டாம் ஐப்பசியில் கூடத்தில் வாளி வைத்தாள். உத்தரவாதம் கொடுத்த எண் அடித்துக்கொண்டே இருந்தது.

சரி, சித்தப்பா கேள்விக்கு வருகிறேன். கான்கிரீட் மாடி என்றால், இப்படி முறையாகச் செய்தால், பூசலாம். ஆச்சி வீட்டுக்கு வேண்டாம். பெரியம்மை சொன்னதுதான் சரி, காரணம் மட்டும் நான் சொல்கிறேன். சுண்ணாம்பு மூச்சு விடும். மழையில் கொஞ்சம் ஈரம் வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே ரப்பர் தோல் போட்டு மூடினால், சுவர் வழியாக ஏறிய ஈரமும் ஏற்கெனவே உள்ளே இருப்பதும் வெளியேற வழியின்றித் தேக்குக் கட்டையின் முனையில் போய்த் தங்கும். கட்டை முனை சுவருக்குள் இருக்கிறது. உளுப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஒழுகுகிற மாடி சத்தம் போட்டுச் சொல்லும். உளுத்த கட்டை சொல்லாது, அடியில் படுத்திருப்பவர்கள் தலையில்தான் இறங்கும். கீழே பேரப்பிள்ளைகள் தூங்குகிற வீடு அது. உடைந்த தட்டோட்டை மாற்றி, சந்துகளைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்து அடைத்து, குழாய் வாயைச் சுத்தம் செய்தால் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட நாலு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். பங்குனிக்குள் முடித்துவிடலாம்.

கடைசியாக, இந்தப் பூச்சு வேலையிலேயே இருக்கிற என் மாணவர்களுக்கு. சென்னையிலும் வளைகுடாவிலுமாக ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். பாலியூரித்தேனில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலுக்குப் பகை. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். மூடிய தொட்டிக்குள் இறங்கிப் பூசும்போது கைக்குட்டை கட்டிக்கொள்வதாக ஒருவன் சென்ற தீபாவளிக்கு என்னிடம் சொன்னான். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. அதற்கான வடிகட்டி வைத்த முகக்கவசமும், உள்ளே காற்று தள்ளும் விசிறியும், வெளியே ஒரு ஆளும் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் டீச்சர் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். என் எண் பழைய எண்தான், மாற்றவில்லை.