புகைக்குழாயில் ஒரு மூக்கு

மலர்க் குழுவினர் "உன் தொழிலைப் பற்றியே எழுதுப்பா" என்றார்கள். கார் எஞ்சினின் புகைக்குழாயில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு ஆக்சிஜன் சென்சாரின் வரலாற்றை எழுதுகிறேன்.

இதன் வேர் நாம் முதலாண்டு கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்த நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இருக்கிறது. அதை 1889ல் தந்த ஜெர்மானியர் வால்தர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியாப் பீங்கானைச் சூடேற்றினால் அது மின்சாரம் கடத்தும் என்பதைக் கண்டு, 1890களின் இறுதியில் விளக்கே செய்தார். அதற்குள் ஓடுவது ஆக்சிஜன் அயனிகள் என்பது பிற்பாடு தெளிவானது. அதே பீங்கானைப் புகைக்குழாயில் மாட்டும் சென்சாராக்கியது பாஷ் நிறுவனம். 1976ல் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய வால்வோ கார்களில் அது முதலில் வந்தது.

வேலை எளிது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் மிஞ்சினால் சென்சார் 0.9 வோல்ட் அளவுக்குக் காட்டும். காற்று மிஞ்சினால் 0.1 அளவுக்கு இறங்கும். இதைப் பார்த்து இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இந்தச் சரியான கலவையில்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சுப் புகையையும் ஒருசேரச் சுத்தம் செய்யும்.

நம் நாட்டில் எம்.சி. மேத்தா 1985ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இதற்கு வழி திறந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் கன்வெர்ட்டர், சென்சார் இரண்டையும் கெடுத்துவிடும். திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அதே 1995ல்தான்! ஆனால் ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுக்க வந்தது 2000 பிப்ரவரியில். அதன்பின் எம்.பி.எஃப்.ஐ. கார்களோடு இந்த மூக்கும் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகளுக்குள் நுழைந்தது.

அரியலூர் நண்பர்களுக்கு இது புதிதல்ல. 1979ல் அங்கே அரசு சிமென்ட் ஆலை வந்தது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. சிமென்ட் சூளைகளில் புகையின் ஆக்சிஜனை அளக்க இதே சிர்கோனியா செல் பயன்படுகிறது. காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு, கூடினால் சூடு வீண். காரிலும் கணக்கு அதுதான்.

இனி நாங்கள் செய்த சோதனை. பெரம்பலூரில் ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "தம்பி, செக் எஞ்சின் லைட் எரியுதுன்னு வர்றாங்க. கெட்டது சென்சாரா, ஒயரா, இ.சி.யூ.வான்னு எப்படிப்பா பிரிச்சுப் பார்க்கிறது?" அதற்காக 555 டைமரில் ஒரு சிமுலேட்டர் செய்தேன். நொடிக்கு ஒரு தடவை 0.1க்கும் 0.9க்கும் மாறும், சுவிட்ச் போட்டால் ஒரே அளவில் நிற்கும். முதலில் மேஜைமேல் மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட்டு, பழைய நான்கு சிலிண்டர் கார் ஒன்றை நன்றாகச் சூடேற்றினோம். சென்சாரைக் கழற்றவில்லை; ஹீட்டர் ஒயர்களையும் தொடவில்லை. சிக்னல் ஒயரை மட்டும் பிரித்து, இ.சி.யூ. பக்கம் சிமுலேட்டரையும் சென்சார் பக்கம் மல்டிமீட்டரையும் கொடுத்தோம்.

0.1ல் நிறுத்தியதும் இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியது, ஸ்கேனரில் எண் மளமளவென ஏறியது. உண்மையான சென்சாரோ 0.9ஐ ஒட்டியே நின்றது. 0.9ல் நிறுத்தியதும் பெட்ரோல் குறைந்து ஐடிலிங் தள்ளாடியது. ஆக ஒயரும் இ.சி.யூ.வும் நலம் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்தது. அடுத்து மாறி மாறி ஓடவிட்டோம். லைட் எரியவில்லை, ஸ்கேனரும் அமைதி. ஆனால் மல்டிமீட்டர் 0.8க்கு மேலேயே நின்றது. கலவை தப்பு, இ.சி.யூ.வுக்கு அது தெரியவே இல்லை.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. கேஸ் கிட் மாட்டும் இடங்களில் இதே மாதிரி எமுலேட்டர் பெட்டிகள் உண்டு. கேஸில் ஓடும்போது பெட்ரோல் இ.சி.யூ. குழம்பாமல் இருக்க அது வேண்டும். ஆனால் கெட்டுப்போன சென்சாருக்குப் பதிலாக அதை நிரந்தரமாக மாட்டி லைட்டை அணைத்தால், பெட்ரோல் வீணாகும், கன்வெர்ட்டர் நாளடைவில் பாழாகும், புகை நம் பிள்ளைகள் நுரையீரலுக்குப் போகும். லைட்டை அணைப்பது வேறு, வண்டியைச் சரிபண்றது வேறு.

எங்கள் சிமுலேட்டர் இப்போது அந்த ஒர்க்‌ஷாப்பின் டூல் பெட்டியில் இருக்கிறது. மூடிமேல் அண்ணன் பெயிண்டில் எழுதியிருக்கிறார்: "சோதனைக்கு மட்டும்." தம்பி தங்கைகளே, நீங்களும் செய்து பாருங்கள், சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர், ஒரு ஐ.சி. போதும். முடித்ததும் ஒயரைப் பழையபடி மாட்ட மறக்காதீர்கள்.

வளர்க நம் கல்லூரி!