கோணமலைக் கடலும் விண்வெளிக் கனவும்

ஒரு முறை ஏவப்பட்டதும் கடலில் வீழ்ந்தோ காற்றில் எரிந்தோ அழிந்துவிடாமல், தரைக்குத் திரும்பி, எரிபொருள் நிரப்பப்பட்டு மீண்டும் புறப்படவல்ல ஏவுகலங்கள் மீள்பயன்பாட்டு ரொக்கெட்டுகள் எனப்படுகின்றன. 2015 டிசெம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பல்கன் 9 ரொக்கெட்டின் முதற்கட்டம் செய்மதிகளை மேலே அனுப்பிவிட்டு நிமிர்ந்தபடியே தரையிறங்கியதும், 2024 ஒக்டோபரில் ஸ்டார்ஷிப்பைச் சுமந்து சென்ற பெருங்கலம் திரும்பி வந்தபோது ஏவுகோபுரத்தின் இயந்திரக் கரங்கள் அதைப் பிடித்துக்கொண்டதும், விண்வெளிப் பயணம் குறித்த மக்களின் ஆர்வத்தை உலகெங்கும் தூண்டின. அதே 2024இன் மார்ச் 22 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் கர்நாடகத்தின் சித்திரதுர்கா பகுதியில் சிறகுடைய சோதனைக் கலமொன்றைத் தரையிறக்கியது. அதற்கு, இராவணனின் வானூர்தியின் பெயரையொட்டி, புஷ்பக் என்று பெயர். இலங்கைப் பொறியியலாளர்கள் ஜப்பானில் உருவாக்கி, 2019 ஏப்ரலில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சிறு செய்மதியோ இராவணா-1 எனப் பெயர் பெற்றது. கோணேசர் ஆலயத்தின் அருகே இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவைக் கண்டு வளர்ந்த திருகோணமலை மக்களுக்கு இப்பெயர்கள் உவப்பளிப்பதில் வியப்பில்லை. ஆயினும், விண்வெளிச் சிந்தனையின் வரலாற்றில் இம்மாவட்டத்துக்குள்ள உரிமையை நிறுவப் புராணத்தின் துணை தேவையில்லை; எழுத்தில் பதிவான சான்று 1956ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது.

நகரின் கிழக்கே கடலுள் நீண்டு, செங்குத்தாக எழுந்து நிற்கும் கோணமலையைத் திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பதிகம் பாடிச் சிறப்பித்தார். அங்கிருந்த பெருங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடிப்பித்தார். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் பயன்பட, மறு பகுதி பாறையடிக் கடலில் வீழ்ந்தது. பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டையைக் கடந்தே அடியவர்கள் இன்றும் ஆலயத்துக்குச் செல்கின்றனர். மறைத்து வைக்கப்பட்ட திருமேனிகள் சில 1950இல் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்டன. கடலடியில் கிடந்தவற்றைப் பார்க்கும் வாய்ப்பு, முதுகிற் கட்டிய உருளையிலுள்ள அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்தபடி நீருள் நெடுநேரம் தங்க உதவும் கருவி பரவலான பின்னரே வந்தது.

அக்கருவியோடு 1956இல் கோணமலைக் கடலில் இறங்கியவர்களுள் ஒருவர், பிரித்தானிய எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க்; அவரோடு சுழியோடியவர் ஒளிப்படக் கலைஞரான மைக் வில்சன். பூ வேலைப்பாடுடைய தூண்களையும் யானைத்தலை வடிவிலான கற்களையும் அவர்கள் பாறையடியில் கண்டனர். அந்த அனுபவங்கள் 1957இல் வெளியான கிளார்க்கின் நூலில் இடம்பெற்றன. கடலாய்வாளராக மட்டும் அவரைக் கருதுவது பொருந்தாது. பிரித்தானியக் கோளிடைக் கழகத்தின் தலைவராக இரு முறை பணியாற்றிய அவர், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்துக்கு ஒப்பச் சுற்றும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் தொடர்பாடல் வழங்கலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர்.

கடலுக்கும் விண்ணுக்கும் இடையிலான தொடர்பை அவரே விளக்கியிருக்கிறார். மிதப்பைச் சரியாகச் சமன்செய்துகொண்ட சுழியோடி மூழ்குவதுமில்லை, மேலெழுவதுமில்லை; விண்வெளியில் உணரப்படும் எடையின்மைக்கு மனிதன் பூமியில் எட்டக்கூடிய மிக நெருங்கிய அனுபவம் அதுவே என்பதால்தான் அவர் சுழியோடக் கற்றார். அக்கருத்தின் பயன் பத்தாண்டுகளில் வெளிப்பட்டது. 1966இல் ஜெமினி 9 பயணத்தின்போது கலத்துக்கு வெளியே வந்த யூஜின் செர்னன், எடையின்மையில் உடலை நிலைப்படுத்த முடியாமல் களைத்துப்போனார்; அதே ஆண்டின் இறுதியில் ஜெமினி 12இல் சென்ற பஸ் ஓல்ட்ரின், நீச்சற்குளத்து நீருள் பயிற்சி பெற்றிருந்தமையால் அவ்வேலையை இலகுவாக முடித்தார். அன்றிலிருந்து நீரடிப் பயிற்சி விண்வெளி வீரருக்கு இன்றியமையாததாயிற்று.

மீள்பயன்பாடு என்ற எண்ணமும் கிளார்க்குக்குப் புதிதன்று. 1947இல் எழுதி 1951இல் வெளியான நாவலொன்றில், நிலவுக்குச் செல்லும் கலத்தைப் புவிச் சுற்றுப்பாதை வரை சுமந்து செல்லும் மீளப் பயன்படும் ஊர்தியை அவர் கற்பனை செய்தார். ஒரு பயணம் முடிந்ததும் கப்பலை மூழ்கடித்துவிடும் வழக்கம் இருந்திருப்பின் திருகோணமலை துறைமுகமாகவே உருவாகியிராது. ஆனால் விண்வெளி ஏவுகை பல பத்தாண்டுகள் அவ்வழக்கத்தோடுதான் நடந்தது. கிளார்க் ரொக்கெட்டையே கடந்து சிந்தித்தார். ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1895இல் தொட்டுக்காட்டி, பொறியியலாளர் ஆர்த்சுத்தானவ் 1960இல் விரித்துரைத்த விண்தூக்கி, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து விண்வெளி வரை நீளும் வடத்தில் ஏறிச் செல்லும் அமைப்பு, அவரது 1979ஆம் ஆண்டு நாவலின் மையப்பொருளாயிற்று. அதற்காக அவர் இலங்கையைக் கற்பனையில் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டு, நிலநடுக்கோட்டில் நிறுத்தினார். இத்தெரிவுக்கு இயற்பியலும் ஓரளவு இடம்தருகிறது: நிலநடுக்கோடு முழு வட்டமன்று என்பதால் அதற்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரச் சுற்றுப்பாதையிலுள்ள செய்மதிகள் இரு நிலைத்த புள்ளிகளை நோக்கி மெல்ல நகர்கின்றன; அவற்றுள் ஒன்று இலங்கைக்குத் தென்மேற்கே, கிழக்கு நெடுங்கோடு 75 பாகையை ஒட்டி அமைந்துள்ளது.

கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார். தனியார் நிறுவனமொன்றின் திரவ எரிபொருள் ரொக்கெட்டான பல்கன் 1 முதன்முதலாகச் சுற்றுப்பாதையை எட்டியது அவ்வாண்டு செப்டெம்பரில்தான். அவர் பெயரால் மொறட்டுவையில் தொழினுட்ப நிறுவகமொன்று இயங்குகிறது. மீண்டும் மீண்டும் ஏவப்படும் பல்கன் 9 ரொக்கெட்டுகள் கொண்டுசேர்த்த ஸ்டார்லிங்க் செய்மதிகளின் இணையச் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கும் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு, விண்வெளிக் காலத்தின் முன்னோடிச் சிந்தனையாளர் ஒருவர் சுழியோடித் திரிந்த கடல் தம் கோயிலடியில்தான் உள்ளது என்பதை மாவட்டத்தின் மாணவர்கள் பாடசாலையிலேயே அறியவேண்டும். கோணமலைக் கடலடியின் வரலாற்றைத் தொல்லியலோடும் விண்வெளி அறிவியலோடும் இணைத்துக் கற்பிக்கும் பொறுப்பைத் திருகோணமலையின் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஏற்க வேண்டும்.