ரஷ்மோர் மலை பிறந்த கதை

1885-ல் நியூயார்க்கிலிருந்து சார்லஸ் ரஷ்மோர் என்ற வழக்கறிஞர், இன்றைய தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் உள்ள பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதிக்கு வந்தார். அங்கே வெள்ளீயச் சுரங்கங்களின் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. வழியில் தெரிந்த ஒரு கருங்கல் மலையைக் காட்டி, அதன் பெயர் என்ன என்று கேட்டாராம். பெயரெல்லாம் கிடையாது, இனி உங்கள் பெயரே இருக்கட்டும் என்று உடன் வந்தவர்கள் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார்கள். அந்த வேடிக்கைப் பெயரே நிலைத்தது. 1930-ல் அரசும் அதை ஏற்றுப் பதிவு செய்தது.

ஆனால் அந்த மலைக்குப் பெயர் இருந்தது. அந்த மண்ணின் லக்கோட்டா மக்கள் அதை ‘ஆறு பாட்டன்மார்’ என்று அழைத்துவந்தார்கள். நான்கு திசைகள், மேலே வானம், கீழே பூமி ஆகிய ஆறும் அவர்களுக்கு மூதாதையர். நியூயார்க் வழக்கறிஞருக்குப் பதில் சொன்னவர்கள் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

ஒரு நாட்டின் அடையாளம் இயற்கை தந்ததா, மனிதர் படைத்ததா என்று பட்டிமன்றம் வைத்தால், ஃபூஜியும் இமயமும் ஒரு பக்கம் நிற்கும். ஈஃபிள் கோபுரமும் பிரமிடும் எதிர்ப்பக்கம் நிற்கும். ரஷ்மோரை எந்த அணியில் உட்காரவைப்பது? மலையும் அதுதான், சிலையும் அதுதான். அதனாலேயே இந்தக் கேள்வியை எடைபோட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் இருந்ததுபோல் பழங்கோட்டைகளும் தேவாலயங்களும் தங்களிடம் இல்லையே என்ற குறை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்களுக்கு இருந்தது. அந்தக் குறையை அவர்கள் இயற்கையைக் காட்டி ஈடுகட்டினார்கள். நயாகராவும் யோசெமிட்டியும் அவர்களுடைய பெருமையாயின. 1872-ல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் ஒருவருக்கு மலை மட்டும் போதாது என்று தோன்றியது. அவர் தெற்கு டக்கோட்டாவின் அரசு வரலாற்றாளர் டோன் ராபின்சன். கார்கள் பெருகத் தொடங்கிய காலம். தன் மாநிலத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வர ஒரு காரணம் வேண்டும் என்று யோசித்தார். அங்கே ‘நீடில்ஸ்’ எனப்படும் ஊசிப்பாறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அமெரிக்காவின் மேற்குப் பகுதி நாயகர்களைச் செதுக்கலாம் என்பது 1923 வாக்கில் அவருக்கு உதித்த எண்ணம். அந்தப் பட்டியலில் லக்கோட்டா தலைவர் ரெட் கிளவுடும் இருந்தார். அது நடந்திருந்தால் கதையே வேறு.

உள்ளூரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. கோரா ஜான்சன் என்ற பத்திரிகையாளர், அந்தப் பாறைகளே அழகு, அவற்றில் உளியை வைப்பது அழகைக் கெடுப்பது என்று தொடர்ந்து எழுதினார். இன்று பட்டிமன்றத்தில் பேசப்படும் வாதத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வெடி வெடிப்பதற்கு முன்பே, எழுப்பிய குரல் அது. யாரும் செவிசாய்க்கவில்லை.

ராபின்சன் அழைத்துவந்த சிற்பி கட்சன் போர்க்லம். ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலையில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகளைச் செதுக்க ஒப்பந்தமானவர். கு கிளக்ஸ் கிளான் அமைப்போடு நெருங்கிப் பழகியவர். திறமையில் குறைவில்லாதவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசிப்பாறைகள் அரித்துப்போனவை, மெலிந்தவை, தாங்காது என்று ஒரே பார்வையில் ஒதுக்கினார். 1925-ல் தென்கிழக்கு பார்த்த ரஷ்மோரைத் தேர்ந்தெடுத்தார். நாளின் பெரும்பகுதி அதன் முகப்பில் வெயில் விழும். மேற்கின் நாயகர்கள் வேண்டாம், தேசத்தின் தலைவர்கள்தான் வேண்டும் என்று ஆளையும் மாற்றினார். நாட்டைப் பெற்றெடுத்ததற்கு வாஷிங்டன், விரிவாக்கியதற்கு ஜெஃபர்சன், உடையாமல் காத்ததற்கு லிங்கன், வளர்த்ததற்கு தியோடர் ரூஸ்வெல்ட். உள்ளூர் நாயகர்களோடு ரெட் கிளவுடும் பட்டியலிலிருந்து போனார்.

1927 ஆகஸ்டில் அதிபர் கூலிட்ஜ் வந்து தொடங்கிவைக்க, 14 ஆண்டு வேலை ஆரம்பித்தது. மொத்தம் 400 பேர் வரை உழைத்தார்கள். பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளிகள். சிற்ப வேலை அறியாதவர்கள். அவர்களைக் கொண்டு 60 அடி உயர முகத்தைப் பிசகில்லாமல் செதுக்கியது எப்படி என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் போர்க்லம் மாதிரிச் சிலை செய்தார். மாதிரியில் ஓர் அங்குலம் என்றால் மலையில் ஓர் அடி. மாதிரியின் உச்சந்தலையில், கோணம் குறித்த தட்டு ஒன்றைக் கிடையாகப் பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை நீட்டி, கம்பியில் தூக்குக்குண்டு தொங்கவிட்டார். மூக்கின் நுனியை அளக்க வேண்டுமா? கம்பி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, குண்டு எவ்வளவு வெளியே இருக்கிறது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்ற மூன்று எண்கள் போதும். கோணத்தை மாற்றாமல், மற்ற இரண்டு அளவுகளை மட்டும் பன்னிரண்டால் பெருக்கி, மலையுச்சியில் இருந்த பெரிய கம்பத்திலும் குண்டிலும் குறித்தார்கள். நம் கொத்தனார்கள் சுவர் தூக்கும்போது பிடிக்கும் அதே தூக்குக்குண்டுதான்.

தொழிலாளிகள் காலையில் எழுநூறு படி ஏறி உச்சிக்குப் போக வேண்டும். இடுப்பில் வார் கட்டி, விரற்கடைகூடப் பருமன் இல்லாத எஃகு வடத்தில் தொங்கி இறங்குவார்கள். விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பையன்கள், மேலே இழு, கீழே விடு என்று விஞ்சு இயக்குபவரிடம் கத்திச் சொல்வார்கள். துளை போட்டு, டைனமைட்டைத் தேவைக்கேற்பத் துண்டாக நறுக்கிச் செருகி, ஆட்கள் விலகிய பிறகு வெடிப்பார்கள். மலையின் பத்தில் ஒன்பது பங்கு வேலை வெடியாலேயே நடந்தது. முடிவாக எஞ்சும் சில அங்குலத்தில் மட்டும் நெருக்க நெருக்கத் துளை போட்டு, தேன்கூடு மாதிரி ஆனதும் பெயர்த்தெடுத்து, காற்றுச் சுத்தியலால் வழவழப்பாக்கினார்கள். ஒருவர்கூட வேலையில் விழுந்து சாகவில்லை. ஆனால் கல்தூசி சிலரின் நுரையீரலைப் பின்னாளில் தின்றது.

கண்கள் தனிக்கதை. கண்மணியைக் குழியாகக் குடைந்து, அதன் நடுவே போர்க்லம் ஒரு கல் முளையைச் செதுக்காமல் விட்டிருக்கிறார். வெயில் பட்டால் அந்த முளை மின்னும். சுற்றியுள்ள குழி இருட்டாக இருக்கும். கீழே நிற்பவருக்கு அது உயிருள்ள பார்வையாகத் தெரிகிறது.

மலையும் சில இடங்களில் தன் சொல்லைச் சொன்னது. ஜெஃபர்சனை முதலில் வாஷிங்டனின் மறுபக்கத்தில்தான் செதுக்கினார்கள். கல்லில் வெடிப்புகள் மிகுந்திருந்ததால் பாதியில் நின்ற அந்த முகத்தை 1934-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, இப்போது இருக்கும் பக்கத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். இடுப்புவரை வர வேண்டிய உருவங்கள் முகத்தோடு நின்றன. 1941 மார்ச்சில் போர்க்லம் இறந்தார். மகன் லிங்கன் போர்க்லம் முடிந்தவரை செய்து, அவ்வருடம் அக்டோபர் 31-ல் வேலையை முடித்துவைத்தார். ஆன செலவு 10 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. பெயர்த்த நாலரை லட்சம் டன் கல், முகங்களுக்குக் கீழே இன்றும் குவிந்து கிடக்கிறது.

முகங்களுக்குப் பின்னால் ஒரு மண்டபம் குடையவும் போர்க்லம் தொடங்கினார். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து வருகிறவர்களுக்கு, இவர்கள் யார், ஏன் செதுக்கினோம் என்று சொல்லிவைக்கவே அந்த ஏற்பாடு. பணமில்லாமல் நின்ற அந்த வேலைக்கு ஈடாக, 1998-ல் எனாமல் பலகைகளில் விளக்கம் எழுதி, அந்த மண்டபத்தின் வாயிலில் புதைத்தார்கள். மனிதர் படைத்த அடையாளத்தின் பலவீனம் இதில் எனக்குத் தெரிகிறது. கல் நிலைக்கும், பொருள் நிலைக்குமா என்று சிற்பிக்கே ஐயம் வந்துவிட்டது.

இனி, அந்த நிலத்தின் கணக்கு. 1868-ல் லாரமி கோட்டையில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிளாக் ஹில்ஸ் முழுவதும் லக்கோட்டாக்களும் அவர்களைச் சேர்ந்த சூ இனக்குழுக்களும் இடையூறின்றி ஆளும் நிலம். வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அதைப் பிறகு மாற்ற முடியாது என்றும் அதில் எழுதியிருந்தது. 1874-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படைக்குழு அங்கே தங்கத்தைக் கண்டது. தங்கம் தேடுவோர் கூட்டம் புகுந்தது, போர் மூண்டது, 1877-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மலைகளை எடுத்துக்கொண்டது. தேவையான கையெழுத்துகள் வரவே இல்லை. ஜெஃபர்சனைச் செதுக்கக் காரணமான அந்த ‘விரிவாக்கம்’ இந்த மக்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? 1862-ல் சூ மக்களில் ஒரு பிரிவினரான டக்கோட்டா ஆண்கள் 38 பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிட ஒப்புதல் தந்தவர் லிங்கன். மரண தண்டனை பெற்ற முந்நூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோரைக் காப்பாற்றியவரும் அவரேதான். இரண்டும் உண்மை.

லக்கோட்டாக்களின் பதிலும் ஒரே மாதிரி இல்லை. ஹென்றி ஸ்டாண்டிங் பேர் என்ற தலைவர், எங்களுக்கும் பெரும் நாயகர்கள் உண்டு என்பதை உலகம் அறிய வேண்டும் என்று சிற்பி கோர்சாக் சியோல்கோவ்ஸ்கிக்கு எழுதினார். 1948-ல் பக்கத்து மலையொன்றில் லக்கோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸின் உருவத்தைச் செதுக்கும் வேலை தொடங்கி, இன்னும் நடக்கிறது. புனித மலையை மறுபடி வெடிவைத்துப் பிளக்கலாமா என்று அதை எதிர்க்கிறவர்களும் அதே மக்களில் இருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் படித்த பிறகு, இயற்கையா செயற்கையா என்று வெட்டி ஒட்டிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்க்கும் நான்கு முகங்கள் ஓர் அரசின் அடையாளம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு மக்களின் அடையாளம் எது என்று கேட்டால், என் ஓட்டு செதுக்கப்படாத ஆறு பாட்டன்மாருக்கே. காரணம் 1980-ல் வெளிவந்த தீர்ப்பில் இருக்கிறது. மலைகளை எடுத்தது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லி, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நாட்டிலேயே ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வாழும் அந்த மக்கள், பணம் வேண்டாம், மலையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். வட்டி ஏறி அந்தத் தொகை இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இன்றுவரை அவர்கள் அதைத் தொடவில்லை.