மலையகத்து மண்ணும் அதன் எழுத்தும்

ஈழத்து இலக்கிய உலகில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தேசிய இலக்கியம் பற்றி எழுந்த விவாதங்களில் 'மண்வாசனை' என்ற சொல் ஒரு போர்க்குரலாகவே ஒலித்தது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் சாயலிலே, கண்டறியாத ஊர்களைப் பற்றிக் கதை புனைந்துகொண்டிருந்த எழுத்தாளர்களுக்கு அது தக்கதோர் அறைகூவலாக அமைந்தது. ஆயினும் அச்சொல்லோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே நாம் கேட்டல் வேண்டும். மண் என்கிறோமே, அது யாருடைய மண்?

குடாநாட்டுப் பனங்கூடலையும் தோட்டவெளியையும் எழுதியவர்களிற் பலர் அவற்றைத் தம் முன்னோர் வழியாகப் பெற்றவர்கள். ஊர்க் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமையும் மறுக்கப்பட்ட மக்களிடையிலிருந்து வந்த டானியலும் டொமினிக் ஜீவாவும் அதே குடாநாட்டை வேறொரு கண்கொண்டு காட்டினர். உரிமையின்மை ஒருவனது பார்வையை எவ்வாறு கூர்மையாக்குகிறது என்பதற்கு அவர்கள் சான்று. இவ்வுண்மையை இன்னும் விரிவாக உணர்த்துவது மலையகத்தின் இலக்கிய வரலாறு.

மலையக மக்களுக்கு அந்த மண் பரம்பரைச் சொத்தன்று. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென ஆள் திரட்டப்பட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியும் கொள்ளைநோயும் அவ்வழியிலே பலரைக் கொண்டன. 1869இன் பின்னர் இலைநோய் பரவிக் கோப்பி அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியது, அவர்தம் வாழ்வு மாறவில்லை.

அதே 1869ஆம் ஆண்டிலேதான் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்டத்தைப் பாடிய மிகப் பழைய அச்சு நூல்களுள் அது ஒன்று. அந்நூலின் பெயரே பயிரை முன்னிறுத்துகிறது. பயிரை வளர்த்தவரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அச்சேறாத பாடல்களிடமே செல்லல் வேண்டும். தாலாட்டிலும் ஒப்பாரியிலும், வேலைத்தலத்திலே பாடிய பாட்டுக்களிலும், வந்த வழியின் துயரமும் கங்காணியின் கொடுமையும் கடனும் இடம்பெற்றன. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவிலே லயமாயிற்று, 'பரேட்' பெரட்டாயிற்று. அதிகாரத்தின் மொழியை உழைப்பவரின் மொழியாக மாற்றிக்கொண்ட அந்நாளிலேயே மலையக இலக்கியத்துக்கான மொழி பிறந்துவிட்டது எனலாம்.

இக்குரலை அரசியற் குரலாக்கியவர் கோ. நடேசய்யர். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தையும் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டந்தோறும் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். லயத்திலே தனித்தழுத குரல் கூட்டத்திலே நியாயம் கேட்கும் குரலாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டு, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் நடந்த தேர்தலிலே காங்கிரசின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. காடழித்து மலையைச் செப்பனிட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு சட்டத்தினால் நாடற்றோராயினர்.

நாடில்லை என்று சட்டம் உரைத்த பின்னரே, நாடு எம்முடையது என்ற இலக்கியம் வலுப்பெற்றது என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1950களின் முற்பகுதியிலே சி. வி. ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை, கல்லறையும் பெயரும் இன்றித் தேயிலைத் தூரின் கீழே உறங்குவோரை நினைவுகூர்ந்தது. எங்கள் எலும்பு கிடக்கும் மண் எங்களுக்கு அந்நியமாவது எங்ஙனம் என்பதே அதன் உட்பொருள். பின்னர் அவர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தம் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார்.

1961இல் தினகரனில் வெளிவந்த என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மற்றொரு திருப்பம். பிறரிலும் அதிகமாகக் கொழுந்து பறித்த ஒரு பெண்மீது ஐயம் எழுகிறது. அதனை அவள் தன் உழைப்பாலேயே எதிர்கொள்கிறாள். இக்கதையிலே மலையின் அழகு வருணனைக்காக நிற்கவில்லை. நிரையும் கூடையும் றாத்தற் கணக்குமே அங்கு மண். விடுதித் தாழ்வாரத்திலிருந்து நோக்குவோனுக்குப் பச்சைக் கம்பளமாகத் தோன்றும் மலை, நிரையிலே நிற்பவளுக்கு அட்டையும் குளிரும் அன்றைய பேரும் ஆகும். எழுத்தாளன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதே மண்வாசனையின் உரைகல்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தொங்கிநின்றது. மக்கள் எண்ணிக்கையாகப் பேசப்பட்ட அக்காலத்திலே, எழுத்தாளர் அவர்களைப் பெயரும் முகமும் உடைய மாந்தராக எழுதினர். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளின் பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' எனத் தொகுதியாயின. தெளிவத்தை ஜோசப் தம் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' எனப் பெயர் சூட்டினார். இந்தியத் தொழிலாளர் என அழைக்கப்பட்டோர் தம்மை மலையகத் தமிழர் எனக் கூறிக்கொள்ளும் துணிவை வளர்த்ததில் இவ்வெழுத்துக்களுக்குப் பெரும் பங்குண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. எனினும் சொந்தக் காணியும் வீடும் இன்றும் பலருக்குக் கோரிக்கையாகவே உள்ளன.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர்களே ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் முன்னிற்கின்றன. தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயர்களோ பெரிதும் அவர்கள் நாவிலேயே வாழ்கின்றன. அப்பெயர்களையும், அவை பிறந்த கதைகளையும், முதியோர் நினைவிலே எஞ்சியிருக்கும் பாடல்களையும் தோட்டந்தோறும் சென்று எழுதிவைப்போம். நாளைய மலையக எழுத்தாளன் தன் மண்ணைத் தன் மக்கள் இட்ட பெயரால் அழைத்து எழுத அது துணைசெய்யும்.