வேடம் பூண்ட அரசியல்: பூந்தமல்லிச் சாலையிலிருந்து ஒரு தொலைக்காட்சி நாடக வரலாறு

தமிழ்நாட்டில் கட்சிக்கொரு தொலைக்காட்சி உண்டு. வாக்கு எண்ணும் நாளில் எந்தச் சேனலைத் திருப்பினால் யார் முன்னிலையில் இருப்பார்கள் என்பது வீட்டுப் பாட்டிக்கும் அத்துப்படி. அப்படிப்பட்ட மாநிலத்தில் அமைச்சர், மாவட்டச் செயலாளர், ஆட்சியர், ஒப்பந்தக்காரர் என்று அதிகாரத்தின் உள்கட்டை நேரடியாகக் காட்டும் நெடுந்தொடர் வேர் பிடிக்கவில்லை. மாமியார் மருமகளுக்குக் கிடைத்த ஆயிரம் எபிசோடு மந்திரிசபைக்குக் கிடைக்கவில்லை. காரணம் தேடினால் ஒன்று புலப்படுகிறது. தமிழ் அரசியல் நாடகம் மேடையில் சட்டத்துக்குப் பயந்து பழங்கால உடையை உடுத்தியது. சின்னத்திரைக்கு வந்தபோது சட்டம் பெரிய தடையாக இல்லை. ஆனாலும் உடையைக் கழற்றவில்லை. அதை இம்முறை கழற்றவிடாதது சேனல் யாருக்குச் சொந்தம் என்பதே. இந்த மாற்றத்தின் பல தடயங்கள் பூந்தமல்லியிலும், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலும் கிடக்கின்றன.

ஒப்பீட்டுக்குச் சீனாவை எடுத்துக்கொள்ளலாம். 1999இல் சீன மத்தியத் தொலைக்காட்சி 'யோங்செங் வம்சம்' என்ற தொடரை ஒளிபரப்பியது. வெறுப்புக்கு ஆளான 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஒருவரை, ஊழல் அதிகாரிகளோடு மல்லுக்கட்டும் உழைப்பாளி நிர்வாகியாகக் காட்டிய தொடர் அது. அன்றைய பிரதமர் சூ ரோங்ஜியின் சீர்திருத்தங்களை மனத்தில் வைத்தே பலர் அதைப் பார்த்தார்கள். 2003இல் வந்த 'குடியரசை நோக்கி' வெட்டுகளோடுதான் வெளியானது. 2004இல் ஒழுங்குமுறை ஆணையம் ஊழல் ஒழிப்புத் தொடர்களையும் குற்றத் தொடர்களையும் மாலை முக்கிய நேரத்திலிருந்து அப்புறப்படுத்தியது. பிறகு 2017இல், நாட்டின் உச்ச அரசு வழக்குத்தொடுப்பு அமைப்பின் ஆதரவோடே 'மக்களின் பெயரால்' ஹூனான் தொலைக்காட்சியில் வந்தது. எளிய வீட்டில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும் இடைநிலை அதிகாரி ஒருவரை விசாரணைக்காரர்கள் அவருடைய மறைவான மாளிகைக்கு அழைத்துப் போகிறார்கள். குளிர்பெட்டியைத் திறந்தால் கட்டுக்கட்டாகப் பணம். மெத்தைக்கு அடியில் பணம். சுவர் முழுக்கப் பணம். முதல் அத்தியாயத்திலேயே இந்தக் காட்சி. அங்கே கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஒரே கை. எப்போது திறக்கும் என்பதுதான் கேள்வி. நம்மூரில் கைகள் பல. எந்தக் கையும் தன் வீட்டுக் கதவைத் திறக்காது.

மேடையில் தொடங்கிய பழக்கம்

அரசியலை நாடகமாக்கும் கலை தமிழருக்குத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்ததல்ல. 1940களில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' 1674இல் நடந்த மராட்டிய முடிசூட்டு விழாவைக் களமாகக் கொண்டது. வீரத்தால் நாட்டைப் பிடித்தவன் முடிசூட ஏன் இன்னொரு சாதியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது நாடகத்தின் கேள்வி. காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மராட்டியச் சரித்திரம் பார்க்க யாரும் அங்கே வரவில்லை. கொட்டகைக்கு வெளியே நடக்கும் சண்டையைத்தான் உள்ளே பார்த்தார்கள்.

1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துதல் சட்டம் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற ஆயுதம். அது போதாதென்று 1954இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது, எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலின் காலம் அது. இந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது 2013இல்தான். ஏறத்தாழ 60 ஆண்டுகள் நாடகக்காரரின் தலைக்கு மேல் அந்தக் கத்தி தொங்கியது. திராவிட இயக்கத்தின் எதிர்முகாமிலும் உத்தி இதே பழங்கால உடைதான்: 1968இல் சோ தன் அங்கதத்துக்கு 14ஆம் நூற்றாண்டு தில்லி சுல்தானைத் துணைக்கு அழைத்து 'முகமது பின் துக்ளக்' எழுதினார். கொள்கையில் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் உத்தியில் ஒத்துப்போனார்கள்.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நாட்டில் நெருக்கடி நிலை. ஐந்தரை மாதத்தில் தி.மு.க. ஆட்சியே கலைக்கப்பட்டது. தில்லியின் கையிலிருந்த அந்தத் திரையில் திராவிட அரசியல் நாடகத்துக்கு இடம் எதிர்பார்ப்பது பேராசை. அந்த ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். அரசியல் வகையில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

கட்சியின் திரை

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியானது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் வழங்கலும் தொடங்கியது. 2007 மே மாதம் தினகரன் நாளிதழின் கருத்துக்கணிப்பும் அதைத் தொடர்ந்து மதுரையில் மூன்று ஊழியர்களின் உயிரைப் பறித்த தாக்குதலும் மு.கருணாநிதியின் குடும்பத்துக்குள் பிளவை உண்டாக்கின. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. வாரிசு, பத்திரிகை, அமைச்சர் பதவி, நெருப்பு என்று ஒரு நெடுந்தொடருக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஐந்து மாதங்களில் இருந்தன. அதை எந்தச் சேனல் எடுக்கும்? ஒன்று சம்பந்தப்பட்டவர்களுடையது, இன்னொன்றும் சம்பந்தப்பட்டவர்களுடையது, எதிர்க்கட்சியினுடைய மூன்றாவது எடுத்தால் அது நாடகமாக இராது, பிரசாரமாகிவிடும்.

இந்தச் சூழலில்தான் 2014இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'ரோமாபுரிப் பாண்டியன்' வந்தது. மு.கருணாநிதி எழுதிய சரித்திர நாவல் அதன் மூலம். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. தோற்ற கட்சியின் திரையில் கரிகாலனும் பாண்டியனும் வாளோடு வந்து நின்றார்கள்.

நாவலின் பெயருக்குப் பின்னால் ஒரு சரித்திரக் குறிப்பு உண்டு. கிரேக்க நில நூலாசிரியர் ஸ்ட்ராபோ, இந்தியாவின் ஓர் அரசனிடமிருந்து அகஸ்டஸ் சீசருக்குத் தூதும் பரிசும் வந்ததாக எழுதுகிறார். அரசன் பாண்டியன், அல்லது சிலர் சொல்வதுபோல் போரஸ் என்று அவரே சந்தேகத்தையும் சேர்த்துவிடுகிறார். மேடைப் பேச்சுகளில் முதல் பெயர் நின்றது, இரண்டாவது உதிர்ந்தது. ரோமோடு தமிழகத்துக்கு இருந்த வணிகத்துக்கு அந்தத் தூது ஒன்றே சான்று என்பதில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த இத்தாலிய மண்கலங்களே போதும்.

ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டிய இடம் வேறு. கதையில் கரிகாலனுக்கு எதிராகச் சதி செய்பவன் இருங்கோவேள் என்ற வேளிர் தலைவன். பட்டினப்பாலையே அவன் குலத்தைக் கரிகாலன் வீழ்த்தியதாகப் பாடுகிறது. வெண்ணிப் போரில் இரு பேரரசர்களோடு பதினொரு வேளிரும் தோற்றதாக அகநானூறு சொல்லும். மலையும் காடும் ஆண்ட சிறு தலைவர்களை மூவேந்தர் விழுங்கிய காலம் அது. ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் ரோமானியர் கெல்டிக் குலங்களை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 52இல் அலேசியாவில் சீசரிடம் சரணடைந்த வெர்சிஞ்செடோரிக்ஸ், ஆறு ஆண்டு கழித்து ரோமில் கொல்லப்பட்டான். பிரித்தானியாவில் இசெனி குலத்து அரசி பூடிக்கா கி.பி. 60-61இல் கிளர்ந்தெழுந்து தோற்றாள். இவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் வென்றவர்கள் எழுதியது. வேளிருக்கு அந்த வகையில் யோகம் உண்டு: பறம்பை இழந்த பாரிக்காகப் பேசக் கபிலர் இருந்தார்.

பிற்காலம் இந்தத் தோற்றவர்களை என்ன செய்தது என்பதில்தான் வேறுபாடு. மூன்றாம் நெப்போலியன் 1865இல் அலேசியாவில் வெர்சிஞ்செடோரிக்ஸுக்குப் பெருஞ்சிலை வைத்தான். தோற்ற குலத்தலைவன் பிரான்சின் தேசியச் சின்னமானான். உலகையே ஆண்ட லண்டன், பேரரசை எதிர்த்த பூடிக்காவுக்கு 1902இல் நாடாளுமன்றத்தின் அருகிலேயே இடம் கொடுத்தது. தமிழ்ச் சின்னத்திரையில் இருங்கோவேள் சதிகாரனாகவே நின்றான். 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய இயக்கத்தின் எழுத்தில், பெரிய அரசுக்கு அடங்க மறுக்கும் சிறிய அரசன் வில்லன்! தில்லியை நோக்கிச் சிற்றரசின் நியாயம் பேசியவர்கள் கதையில் பேரரசின் பக்கம் நின்றார்கள். யோங்செங் தொடரை எடுத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள். கரிகாலனும் பாண்டியனும் இனப்பெருமையின் முகங்கள், ஆகவே அவர்களின் எதிரி கெட்டவன் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. கட்சித் தலைமை எப்போதும் மையத்திலிருந்தே கதை சொல்லும். உட்கட்சிச் சிற்றரசர்களைப் பற்றிய அதன் எண்ணமும் அதில் கலந்திருக்கும்.

பூவிருந்தவல்லிக்காரர்

அடுத்த ஆண்டு, 2015 ஜூன் 3இல், கருணாநிதியின் பிறந்தநாளன்று 'ராமானுஜர்: மதத்தில் புரட்சி செய்த மகான்' தொடங்கியது. தயாரிப்பு குட்டி பத்மினி, எழுத்து கருணாநிதி. தொண்ணூறைக் கடந்த நாத்திகர் வைணவ ஆசாரியரைப் பற்றித் தொடர் எழுதுவதா என்று இரு தரப்பிலும் புருவம் உயர்ந்தது. தேர்தல் கணக்கு என்றார்கள். இருக்கலாம், ஆனால் கதையைப் பார்த்தால் தேர்வு புரியும்.

ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். அவர் குருவாகப் போற்றிய திருக்கச்சி நம்பி பிறந்தது பூவிருந்தவல்லி என்கிற நம் பூந்தமல்லியில். இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் நம்பிக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. காஞ்சியில் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். பெருமாளோடு பேசியவர் என்பது குருபரம்பரை மரபு. பிறப்பால் அந்தணரல்லர். அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண வேண்டுமென்று ராமானுஜர் வீட்டுக்கு அழைக்கிறார். அழைத்துவரப் புறப்பட்டவர் ஒரு வழியில் போக, நம்பி வேறு வழியில் வந்து சாப்பிட்டுப் போய்விடுகிறார். ராமானுஜரின் மனைவி தஞ்சம்மாள் எச்சில் இலையைக் குச்சியால் தள்ளி எறிந்து, தரையைக் கழுவி, தானும் குளித்துவிட்டு, புதிதாகச் சமைக்கிறாள். திரும்பி வந்த ராமானுஜருக்குக் கிடைப்பது ஈரத் தரை. இலையை ஏன் குச்சியால் தள்ள வேண்டும்? சிவாஜியின் முடிசூட்டில் அண்ணா எழுப்பிய கேள்விக்கு இது தூரத்து உறவில்லை, தாயாதி உறவு. எழுபது ஆண்டுக்குப் பிறகும் இயக்கம் தன் பழைய நாடகத்தையே எழுதிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பதில் வீட்டுக் கூடம்.

செம்பரம்பாக்கத்து மேடை

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி. 2017 ஜூன் 25இல் விஜய் டிவியில் தொடங்கிய தமிழ் 'பிக் பாஸ்' வீடு இங்கேதான் எழுந்தது. இதை அரசியல் நாடகத்தோடு சேர்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு தொகுப்பாளர் கமல்ஹாசனுக்கும் ஆளுங்கட்சி அமைச்சர்களுக்கும் வார்த்தைப் போர் நடந்துகொண்டிருந்தது. வார இறுதியில் மேடையேறியவர் போட்டியாளர்களிடம் பேசும் சாக்கில் நாட்டிடம் பேசினார். 2018 பிப்ரவரி 21இல் மதுரையில் மக்கள் நீதி மய்யம் தொடங்கினார். அவ்வாண்டின் இரண்டாம் பருவத்தில் ஒரு போட்டியாளரை ராணியாக்கிய 'சர்வாதிகாரி' விளையாட்டு, மறைந்த முதலமைச்சரைக் கேலி செய்கிறது என்று காவல்துறையில் புகார் போகும் அளவுக்குப் போனது. கிரீடம், சிம்மாசனம், ராணி! வேடம் பூண்ட நாடகம் விளையாட்டு என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது.

நேரடி அரசியல் கதை இணையத் தளங்களுக்குப் போனது. 2019இல் 'குயின்' தொடர், நடிகை முதலமைச்சரான கதையைச் சக்தி சேஷாத்ரி என்ற மாற்றுப் பெயரில் சொன்னது. தடை கேட்டு வழக்கும் வந்தது, நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. 2024இல் வசந்தபாலனின் 'தலைமைச் செயலகம்' கோட்டைக்குள்ளேயே கதையை நடத்தியது. கட்சிக்குச் சொந்தமில்லாத திரைகளில்தான் இது முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகப் பூந்தமல்லியின் இன்னொரு கட்டடம். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு, பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் மரண தண்டனை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. எஞ்சிய எழுவரும் 2022இல் வெளியே வந்தார்கள். இக்கொலையைப் பற்றிப் படங்கள் வந்தன. 2025 ஜூலையில் நாகேஷ் குக்குனூரின் 'தி ஹன்ட்' தொடரும் வந்தது. அது துரத்தலின் கதை. 26 பேர் தூக்கு என்ற தீர்ப்பு எப்படிப் பத்தொன்பது விடுதலையாக மாறியது என்பது அதைவிடப் பெரிய கதை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அச்சில் கிடைக்கிறது, சாட்சியங்கள் அதில் விவாதிக்கப்பட்டிருக்கின்றன. ராஜா வேடமும் ரோமாபுரியும் தேவைப்படாத அந்தத் தொடரைத் தமிழில் யாராவது எழுத வேண்டும்.