கப்பலுக்குக் காத்திருந்த ஊர்

நாகல் நகரில் வாழ்வோர்க்குக் கடல் தொலைவு. புகைவண்டியோ மிக அருகு. தறிகளின் ஓசை ஓய்ந்த இரவுகளில் திண்டுக்கல் சந்திப்பிலிருந்து எழும் வண்டியின் கூவல் நம் அறை வரை வந்து சேரும். தெற்கே செல்லும் வண்டிகளுள் ஒன்று 'முத்துநகர்' என்னும் பெயர் தாங்கியது. வானம் பார்த்த பூமியில் வாழும் நம்மை இரவோடு இரவாகக் கடலோரத்தில் கொண்டு சேர்க்கும் வண்டி அது.

அந்த வண்டியில் நாம் அண்மையில் சென்றதற்குக் காரணம் ஒரு மூதாட்டி. எழுபது வயதைக் கடந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் இந்தியாவுக்குத் திரும்பியவர். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்து, "சாமி, எங்க தாத்தா கப்பல் ஏறுன ஊரை நான் ஒரு தடவை பாக்கணும்" என்றார். தூத்துக்குடிக்குப் பங்கு மக்கள் திருப்பயணம் செல்லவிருந்த வேளை அது. அவரையும் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு எதைக் காட்டுவது என்று எண்ணியபோதுதான், அந்நகரின் வரலாற்றை நாம் இதுவரை ஒரு பக்கமாகவே படித்திருந்தோம் என்பது புலப்பட்டது.

தென்னிந்திய இரயில் பாதை 1875-ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரையை எட்டியது. 1876-இன் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தது. அதுமுதல், கொழும்புக்குச் செல்ல விரும்பிய தமிழர்க்கும் ஐரோப்பியர்க்கும் தூத்துக்குடியே வாயிலாயிற்று. வண்டி கடற்கரை வரை கொண்டுவந்து விடும். கப்பலோ கரைக்கு வராது. அக்காலத் தூத்துக்குடித் துறை ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் ஐந்து மைல் அளவு தொலைவில் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் பருத்திப் பொதிகளும் படகுகளிலேயே அங்குச் சென்றாக வேண்டும். ஆழ்கடல் துறைமுகம் எழுந்து, அது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது 1974-இல்தான். ஆகவே வண்டிக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு காத்திருப்பு எப்போதும் இருந்தது. சிலருக்கு அது சில மணி நேரம். சிலருக்குச் சில நாள்கள்.

கையில் பணமும் மனத்தில் ஆர்வமும் உடைய பயணி அந்த இடைவேளையில் ஊரைச் சுற்றிப் பார்த்தான். பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

முதலில் கடற்கரை. முத்தும் சங்கும் எடுத்த பரதவ மக்களின் பழம்பதி இது. முத்துச் சிலாபம் நிகழும் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் கரை பெருஞ்சந்தையாக மாறும். இக்கரையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. இங்கே எடுத்த சங்கு வங்காளத்திற்குச் சென்று அங்குள்ள மணமகளிரின் கைவளையாயிற்று. கரையை விட்டுச் சற்றே விலகினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்பளங்கள். வெயிலில் வெண்ணிறக் குவியல்கள். நகருக்குள்ளே பருத்தியின் பெயரையே தாங்கிய ஒரு பெருஞ்சாலை, பஞ்சுப் பொதி கட்டும் ஆலைகள், 1888-இல் எழுந்த கோரல் நூற்பாலை. நெல்லைச் சீமையின் கரிசலில் விளைந்த பருத்தியெல்லாம் இந்த வழியாகவே கடல் கடந்தது.

அடுத்து ஆலயங்கள். 1535-க்கும் 1537-க்கும் இடையே முத்துக்குளித்துறையின் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். இன்று நாம் வணங்கும் பனிமய அன்னையின் திருவுருவம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது. கப்பலுக்குக் காத்திருந்தோர் வணங்கிய அன்னையும் கப்பலில் வந்தவளே என்பது நம் நெஞ்சில் நிறுத்தத் தக்கது. 1658-இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைக் கைப்பற்றினர். கத்தோலிக்க மக்களுக்கு அது சோதனைக் காலம். ஆயினும் அவர்கள் தங்கள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. இப்போதுள்ள அன்னையின் ஆலயம் 1713-இல் திறக்கப்பட்டது. 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. 1806-இல் முதன்முதலாக ஓடிய பொற்தேர், சிறப்பான ஆண்டுகளில் மட்டும் ஆகஸ்டு 5-ஆம் நாள் வீதியுலா வருகிறது. 2023-இல் மக்கள் அதனை மீண்டும் இழுத்தனர். அதே கடற்கரைப் பகுதியில் டச்சுக்காரர் 1750-இல் எழுப்பிய தூய திரித்துவ ஆலயம் இன்றும் நிற்கிறது. ஒருவரையொருவர் விரட்டிய இரு நாட்டவரும் போய்விட்டனர். இரண்டு ஆலயங்களிலும் தமிழர் வழிபடுகின்றனர்.

டச்சு வணிகக் கம்பெனி தன் டச்சு மொழிப் பெயரின் முதலெழுத்துகளால் 'வி.ஓ.சி.' என்றே அறியப்பட்டது. பிற்காலத்தில் அதே எழுத்துகளைத் தன் பெயராகக் கொண்ட ஒரு தமிழர், அன்னியர் கையிலிருந்த கடலில் தமக்கென ஒரு கப்பலை ஓட்டினார். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அரசும் துணை நின்றது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு அவர் தோள் கொடுத்தார். அதே ஆண்டு மார்ச்சில் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவையெல்லாம் நாம் மூதாட்டிக்குக் காட்ட எண்ணியிருந்தவை. ஆனால் அவருடைய தாத்தா இவற்றுள் எதையேனும் கண்டிருப்பாரா?

இங்கேதான் வரலாற்றின் மறுபக்கம் திறக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மதுரை, திருச்சி, நெல்லைச் சீமைகளிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி ஊருக்குள் வந்தால், குடும்பமே மூட்டை கட்டியது. தொடக்கத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர்; காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். தோட்டத்தை அடையும் முன்பே அவர்கள் கடனாளிகள். அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மனிதரைக் கடனோடு சேர்த்து மாற்றிய அம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபின், இலங்கை அரசு தன் எல்லையைக் காக்க முனைந்தது. தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து நிறுத்திச் சோதிக்க, தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் ஒரு முகாம் அமைந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டே பலருக்குப் பயணச்சீட்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி – தலைமன்னார் வழி வந்தபின், சோதனை முகாமும் மண்டபத்துக்கு மாறியது.

ஆக, ஒரே துறையில் இருவகைக் காத்திருப்புகள் இருந்தன. ஒருவர் காத்திருப்பில் உலாவினார். மற்றவர் காவலில் இருந்தார். ஒருவருக்கு ஊர் காட்சிப்பொருள். மற்றவருக்கு வேலிக்கு அப்பால் கேட்கும் ஒலி. பயணநூல்களில் முதல்வரின் குறிப்புகளே உள்ளன. இரண்டாமவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கண்டது எது, காணாதது எது என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

திருத்தூதர் பவுலும் கப்பலுக்குக் காத்திருந்தவரே. ஏதென்சில் தோழரை எதிர்நோக்கித் தங்கியபோது அவர் நகரைச் சுற்றிப் பார்த்ததையும், அறியாத தெய்வத்துக்கு எழுப்பிய பீடத்தைக் கண்டதையும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தீர் நகரில் கப்பல் சரக்கிறக்கிய வேளையில் ஏழு நாள் தங்கினார். விடைபெறும்போது பெண்களும் பிள்ளைகளும் உட்பட அனைவரும் கடற்கரை வரை வந்து முழந்தாளிட்டு வேண்டினர். தட்டப்பாறையிலிருந்து சென்றவர்களை வழியனுப்பக் கடற்கரையில் யார் நின்றிருப்பர்?

இந்த எண்ணத்தோடுதான் நாம் அன்று வண்டியேறினோம். பொழுது புலரும் வேளையில் தட்டப்பாறை நிலையம் கடந்து சென்றது. மூதாட்டியிடம் சொன்னோம். சன்னலருகே நகர்ந்து பார்த்தார். முள்மரங்களும் செம்மண்ணும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. சிலுவை அடையாளம் மட்டும் வரைந்துகொண்டார்.

பேராலயத்தில் திருப்பலி முடிந்தபின் மற்றவர்கள் கடைத்தெருவுக்குச் சென்றனர். மக்ரூன் வாங்காமல் தூத்துக்குடியிலிருந்து யார் திரும்புவர்? நாம் மூதாட்டியோடு கடற்கரைக்குச் சென்றோம். நாம் படித்ததையெல்லாம் அவருக்கு எடுத்துரைத்தோம். முகாமில் இருந்தவர்களுக்கு ஊரைக் காணும் பேறு கிடைக்கவில்லை. தங்கள் தாத்தாவும் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார் என்று, வருத்தத்தோடு, ஒரு தீர்ப்பைப் போலச் சொல்லி முடித்தோம்.

அவர் கேட்டார்: "கப்பல் எங்க நின்னுச்சு, சாமி?"

தொடுவானத்தைச் சுட்டிக்காட்டினோம். ஐந்து மைல் என்றோம்.

"அவ்வளவு தூரம் படகுல போனாங்களா?" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்ப திரும்பிப் பாத்திருப்பாரு சாமி. அவ்வளவு தூரம் போறவரு திரும்பிப் பாக்காமலா போவாரு? கோயிலு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். படகில் கடந்த அந்த ஐந்து மைலைக் கப்பல் நின்ற தூரமாகவே கணக்கிட்டிருந்தோம். ஊரும் நாடும் சிறுத்துச் சிறுத்து மறைவதை ஒரு மனிதன் பார்த்திருந்த நேரமாக எண்ணவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க இயலாத அந்த ஏழைக்கு, ஊர் முழுவதையும் ஒருசேரக் காணும் நேரம் வாய்த்திருக்கும். உலாவிய பயணி கண்டதைவிடக் கூர்மையாகவே அவர் கண்டிருக்கலாம். இழக்கப்போகும் பொருளை உற்று நோக்காத கண் இல்லை.

மூதாட்டியின் குடும்பம் வேறு வழியாகத் திரும்பியது. 1964-இன் சிறிமா – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களைக் கேட்டுச் செய்த உடன்பாடு அன்று அது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலில் பல்லாயிரவர் வந்திறங்கினர். நம் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் பலர் குடியேறினர். 1984-இல் அக்கப்பலும் நின்றது. தொழிலாளரைச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாமோ, 1983-க்குப் பின் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழரைத் தாங்கியது. அந்த வேலி தன் வேலையை மாற்றிக்கொண்டது. வேலிக்குள் இருந்தவர் ஏழைத் தமிழரே.

2011-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் தொடங்கிய பயணியர் கப்பல் சில மாதங்களிலேயே நின்றது. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. துறைமுக நகரில் காத்திருக்கும் வாய்ப்பு நம் மக்களுக்கு மீண்டும் வரலாம். அன்பர்களே, அவ்வாறு காத்திருக்க நேர்ந்தால் ஆலயத்தைக் காணுங்கள், கடைத்தெருவையும் காணுங்கள். அதன்பின் சற்று நேரம் கடலை நோக்கி நின்று, உங்களுக்கு முன் அவ்வழியே சென்றவரை நினையுங்கள்.

மாலையில் வண்டி புறப்பட்டபோது மூதாட்டி சன்னலோரம் அமர்ந்தார். நகரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. நாகல் நகர் வந்து சேரும்வரை நாம் மற்றவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும், வண்டி தட்டப்பாறையைக் கடக்கும் வரையில், திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.